கூழும் வாங்கும்

யாழ்ப்பாணத்து மக்கள் கடையில் உண்பதைப் பெருமையாகக் கருதியவர்களல்லர். "கடைச் சாப்பாடு" என்று நம் பாட்டிமார் சொல்லும்போதே அச்சொல்லில் ஒரு முகச்சுளிப்பு ஒலிக்கும். வீட்டில் அடுப்பெரிக்க வழியற்றவன், தொழில் தேடி ஊர்விட்டு ஊர் வந்தவன், காணி உறுதியைக் கையில் பிடித்தபடி கச்சேரி வாசலில் காத்து நிற்பவன் ஆகியோருக்கென்றே கடைகள் இருந்தன என்பது அவர்கள் எண்ணம். ஆயினும் ஒரு சமுதாயத்தை அறிய விரும்புகிறவர் அதன் கோவில்களையும் பாடசாலைகளையும் மட்டும் பார்த்துத் திரும்பிவிடுதல் போதாது. அது பொது இடத்தில் எவ்வாறு உண்கின்றது, யாரோடு யார் அமர்கின்றார், யார் நின்றபடி உண்கின்றார், யார் சமைத்துவிட்டு உண்ணாமல் போகின்றார் என்பதையும் பார்த்தல் வேண்டும். இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் கண்ணாடியாகக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையை நாம் கருதுகின்றோம்.

நமது குடாநாட்டில் எந்த ஊரிலிருந்து புறப்பட்டாலும் சில மைல் தூரத்தில் கடலோ கடல்நீரேரியோ எதிர்ப்பட்டுவிடும். வடகரையில் பருத்தித்துறையும் வல்வெட்டித்துறையும் மயிலிட்டியும் இருக்கின்றன. பட்டினத்தை ஒட்டிப் பண்ணையும் குருநகரும் பாசையூரும் இருக்கின்றன. பாலத்தைக் கடந்து போனால் காரைநகரின் கசூரினாக் கடற்கரை சவுக்கு மர நிழலோடு விரிகின்றது. இக்கரைகளிலெல்லாம் ஏதோ ஒரு வடிவில் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. சிலவற்றுக்கு ஓலைக் கூரை. சிலவற்றுக்குத் தகரக் கூரை. அண்மைக் காலத்தில் கண்ணாடிச் சுவரும் குளிரூட்டியும் கொண்டவையும் எழுந்துள்ளன.

நாம் சிலர் ஒரே பாடசாலையில் படிப்பிப்பவர்கள். சனிக்கிழமைகளில் நாம் செல்லும் கடை, குருநகருக்கும் பாசையூருக்கும் இடையில் கடல்நீரேரியைப் பார்த்தபடி இருப்பது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது, விலைப்பட்டியலும் கிடையாது. நான்கு வாங்குகள், இரண்டு நீண்ட மேசைகள், கால் ஆடும் கதிரைகள் சில. கடையை நடத்துபவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. அக்கா என்றே அனைவரும் அழைப்பர். என்ன இருக்கின்றது என்று கேட்டால் அவர் நம் முகத்தைப் பாராமல் கடலைப் பார்த்தே பதில் சொல்வார்.

"இண்டைக்குத் திரளி இல்லை, மாஸ்ரர். ஓரா இருக்கு. கணவாய் கொஞ்சம் வந்தது. கடல் தந்தது இவ்வளவுதான்."

பட்டணத்து உணவகத்தில் மனிதன் கேட்பதைச் சமையலறை தரவேண்டும். இங்கே கடல் தருவதையே மனிதன் கேட்கவேண்டும். சோளகக் காற்று வீசும் மாதங்களில் ஒருவகை மீன், வாடைக் காற்றில் வேறொரு வகை மீன். காற்று மாறினால் கறியும் மாறும். சிவப்பரிசிச் சோறு, வறுத்திடித்த மிளகாய்த்தூள் மணக்கும் மீன்குழம்பு, சுறா வறை, முருங்கைக்காய்க் கறி, கடைசியில் தேங்காய்ப்பாற் சொதி என்று பீங்கான் கோப்பை நிறையும். உப்புக் காற்றில் பசி இரட்டிப்பாகும். அருகில் அமர்ந்திருப்பவர் விடியற்காலை மீன் கூறி முடித்துவந்த தொழிலாளியாக இருப்பார். எதிரில் இருப்பவர் முச்சக்கரவண்டி ஓட்டுநராகவோ கந்தோர் எழுதுவினைஞராகவோ பல்கலைக்கழக மாணவராகவோ இருப்பார். யாரும் யாருக்காகவும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. சற்று நகர்ந்து இடம் கொடுப்பார்கள். "இப்பிடித் தள்ளி இருங்கோ" என்ற அந்தச் சிறு வேண்டுகோளை நாம் பெரிதும் மதிக்கின்றோம். ஏன் மதிக்கின்றோம் என்பதை இனிச் சொல்லுவோம்.

அக்கா சில சனிக்கிழமைகளில் கூழ் காய்ச்சுவார். கூழ் காய்ச்சும் நாளில் வேறெதுவும் சமைக்கமாட்டார். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் நீரை வடித்துவிட்டால் அதன் கசப்பு நீங்கும். பெரிய பானையிலே தண்ணீர் கொதிக்க, பலாக்கொட்டையும் மரவள்ளிக்கிழங்கும் பயற்றங்காயும் ஒரு பிடி அரிசியும் முதலில் வேகும். பிறகு மீன்தலைகள், திருக்கைத் துண்டுகள், சிறு நண்டுகள், இறால், கணவாய். செத்தல்மிளகாயும் மஞ்சளும் சேர்ந்த அரைப்பு, பழப்புளி, முருங்கையிலை என்பன அடுத்தடுத்து இறங்கும். இறுதியில் கரைத்த ஒடியல் மா விழுந்ததும் பானையிலுள்ளவை அனைத்தும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தடிக்கும். பனையோலையைக் கோலிய பிளாவில் ஊற்றிக் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கவேண்டும். நெற்றியில் வியர்வை அரும்பாமல் கூழ் குடித்தவர் கூழ் குடித்தவரல்லர் என்பார் அக்கா.

இந்தப் பானைக்குள் குடாநாடு முழுவதும் இருக்கின்றது. பனங்கொட்டைகளைப் பாத்தியில் புதைத்து, மாதக்கணக்கிற் காத்திருந்து, முளைத்த கிழங்கைக் கிண்டியெடுத்து, தோலுரித்துப் பிளந்து வெயிலில் உலர்த்தினால் ஒடியல். அவித்து உலர்த்தினாற் புழுக்கொடியல். பனையை நம்பி வாழ்ந்த மக்களின் உழைப்பு அது. மீன் கடற்றொழிலாளரின் உழைப்பு. பயற்றங்காயும் மரவள்ளியும் கிணற்று நீர் இறைத்துச் செம்மண்ணைப் பண்படுத்தும் தோட்டக்காரரின் உழைப்பு. மிளகாயோ போர்த்துக்கேயர் காலத்தில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்து, இன்று நமது நாக்கின் சொந்தச் சுவையாகிவிட்ட பயிர். பனையும் கடலும் வயலும் ஒரு பானையில் ஒன்றாகக் கொதிக்கின்றன. ஆனால் அவற்றை விளைவித்த கைகள் ஒரு வாங்கில் ஒன்றாக இருக்க முடிந்ததா?

முடியவில்லை. இதை இன்றைய மாணவருக்குச் சொன்னால் அவர்கள் நம்மை ஐயத்தோடு நோக்குகின்றனர். யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே அமர்ந்து உண்ணும் உரிமை அற்றவராயிருந்தனர். கடையின் முன்புறத்தில் மேசையும் வாங்கும் பீங்கானும் இருக்க, அவர்களுக்கு வெளியே தகரப்பேணியிலோ வெறும் போத்தலிலோ தேநீர் ஊற்றப்பட்டது. குடித்தபின் பேணியைத் தாமே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும். தேயிலை ஒன்று, சீனி ஒன்று, கொடுக்கும் காசும் ஒன்று. கிண்ணம் மட்டும் வேறு. காசுக்குத் தீட்டில்லை, கைக்கு மட்டும் தீட்டு என்ற விந்தையான நியாயத்தைக் கற்றவர்களும் கோவில் அறங்காவலர்களும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருந்தனர்.

அந்த நியாயம் தானாக மறைந்ததன்று. அகில இலங்கைச் சிறுபான்மைத் தமிழர் மகாசபை தேநீர்க் கடைகளையும் கோவில்களையும் அனைவருக்கும் திறக்கவேண்டுமென்று நெடுங்காலம் குரல் கொடுத்தது. 1957-ம் ஆண்டின் 21-ம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைக் கடையிலோ உணவகத்திலோ தடுப்பது குற்றமென்று வகுத்தது. ஆனால் சட்டம் கொழும்பில் நிறைவேறிய அன்றே கிராமத்துத் தகரப்பேணி உடைந்துவிடவில்லை. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கித் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது; பொலிஸாரின் தடியடிக்கும் அது கலைந்துவிடவில்லை. அடுத்த ஆண்டு தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் அமைந்தது. சங்கானையிலும் நெல்லியடியிலும் கொடிகாமத்திலும் தேநீர்க் கடைகளுக்குள் மக்கள் கூட்டமாகப் புகுந்து வாங்குகளில் அமர்ந்தனர். அவ்வாறு அமர்ந்ததற்காக அடிபட்டோர் உண்டு; வீடு எரியக் கண்டோர் உண்டு; உயிரையே கொடுத்தோரும் உண்டு. ஒரு குவளைத் தேநீரை அமர்ந்திருந்து குடிப்பதற்கு இத்தனை விலை கொடுத்த மக்கள் உலகில் வேறெங்கு இருந்தனர் என்று தேடினால், ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் உணவுக் கடை ஆசனங்களில் அமர்ந்து அறப்போர் நடத்திய கறுப்பின மாணவரைக் காண்கின்றோம். 1960-ல் கிறீன்ஸ்பரோவில் நால்வர் தொடங்கிய அந்த அமர்வும் சங்கானை வாங்கில் நிகழ்ந்த அமர்வும் ஒரே வரலாற்றின் இரண்டு பக்கங்கள்.

நமது இலக்கியமும் அந்த வாங்கின் ஓரத்திலிருந்தே தன் புதிய குரலைப் பெற்றது. முடிதிருத்தும் நிலையத்திலிருந்து எழுதிய டொமினிக் ஜீவா 1960-ல் தம் சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' என்று பெயரிட்டார். 1966-ல் 'மல்லிகை' இதழைத் தொடங்கினார். அந்த வெகுஜன இயக்கத்தின் முன்னணியில் நின்ற கே. டானியல் 1972-ல் 'பஞ்சமர்' நாவலை வெளியிட்டார். உணவும் தண்ணீரும் யாருக்கு மறுக்கப்பட்டன என்ற கேள்வியை நீக்கிவிட்டு ஈழத்து முற்போக்கு இலக்கியத்தின் வரலாற்றை எழுதவியலாது.

நாம் செல்லும் கடைக்கு முதியவர் ஒருவர் வருவார். எண்பது வயதிருக்கும். இளமையில் பனையேறியவர். கால்களில் தளைநார் உராய்ந்த தழும்பு இன்னும் மறையவில்லை. வாங்கில் இடமிருந்தாலும் அவர் வாசலருகில் நின்றபடியே தேநீர் குடிப்பார். ஒருநாள் நம்மில் இளையவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இருங்கோவன்" என்று அழைத்தார்.

"நீ இரு மோனை. எனக்கு நிண்டு குடிச்சாத்தான் இறங்கும்" என்றார் முதியவர்.

பிறகு அவரே, யாரும் கேளாமல், மெல்லச் சொல்லத் தொடங்கினார். இளமைக் காலத்தில் ஒடியலைக் கடகத்தில் சுமந்து கடற்கரைக் கடைகளுக்குக் கொண்டுவருவாராம். ஒடியலை வாங்குவார்கள், காசை வாங்கின் நுனியில் வைத்துவிட்டு எட்டிப்போய் நிற்பார்கள். அவர் கொண்டுவந்த ஒடியலில் காய்ச்சிய கூழை அவர் வெளியே நின்று சிரட்டையில் குடித்திருக்கிறார்.

"அறுபத்தேழிலை எங்கடை ஆக்கள் ரீக்கடைக்குள்ளை போய் இருந்தவை. நானும் ஒருக்காப் போய் இருந்தனான். கால் நடுங்கினது. பயத்திலையெண்டு நினையாதை. இருந்து பழக்கமில்லை, அதுதான்."

அந்த ஒரு நாள் அமர்ந்ததோடு தமக்கு வேண்டியது கிடைத்துவிட்டது என்பது அவர் பேச்சின் பொருள். "இருக்கலாம் எண்டு இருந்தாப் போதும். இருக்கிறதும் நிக்கிறதும் பிறகு என்ரை விருப்பம்" என்று சொல்லிவிட்டு, குவளையைக் கழுவாமல் மேசைமீது வைத்துவிட்டுப் போனார். கழுவாமல் வைத்தார் என்பதை வாசகர் கவனித்தல் வேண்டும்.

வாங்கு கிடைத்தது. ஆனால் வாங்கு கிடைத்த சில ஆண்டுகளில் கரையே இல்லாமற் போயிற்று. போர் வந்தது. கடலுக்குச் செல்லும் நேரமும் தூரமும் துப்பாக்கியின் அனுமதிக்கு உட்பட்டன. வடகரையின் பெருந்துறைகளில் ஒன்றான மயிலிட்டியிலிருந்து 1990-ல் இடம்பெயர்ந்த மக்கள், 2017 ஜூலையில்தான் அத்துறைமுகத்துக்குத் திரும்ப அனுமதி பெற்றனர். ஒரு தலைமுறை முழுவதும் தன் துறையைப் பாராமலே வளர்ந்து முதிர்ந்தது. கடலுக்குப் போகாத ஊரில் கடற்கரைச் சாப்பாட்டுக் கடைக்கு என்ன வேலை? நிவாரண அரிசியும் பருப்பும் சமைக்கப்பட்ட முகாம்களில், வாங்கில் யார் இருப்பது என்ற கேள்வி எழவில்லை. அங்கே வாங்கே இருக்கவில்லை.

2009-ல் போர் முடிந்தது. ஏ-9 பாதை திறந்தது. 2014-ல் யாழ்தேவி மீண்டும் பட்டினத்துக்கு வந்தது. தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் விருந்தினர் வரலாயினர். அவர்களை நாம் மனமார வரவேற்கின்றோம். நண்டுக்கறியை ஒன்றாக உண்டவர்கள் ஒருவரையொருவர் வெறுப்பது கடினம் என்ற நம்பிக்கை நமக்குண்டு. அவர்களுக்காகக் கடல் தெரியும் உணவகங்கள் எழுந்தன. அவற்றில் ஒன்றுக்கு நாமும் ஒருமுறை சென்றோம். மேசைவிரிப்பு வெண்மையாயிருந்தது. கூழ் பளபளக்கும் சிறு கிண்ணத்தில் வந்தது. அதன் விளிம்பில் ஓர் ஓலைத்துண்டு அலங்காரமாகச் செருகப்பட்டிருந்தது. சுவையில் குறைவில்லை. ஆனால் இரண்டாம் முறை ஊற்ற யாரும் வரவில்லை. சுற்றிலும் நோக்கினோம். கடற்றொழிலாளர் ஒருவரேனும் அங்கே அமர்ந்திருக்கவில்லை. மீன் கொண்டுவந்த இளைஞர் பின்வாசலில் நின்றிருந்தார். அவரை யாரும் தடுக்கவில்லை, விலைப்பட்டியல் தடுத்தது.

கரையோரத்தில் விடியற்காலையில் நடந்துபார்த்தால் வலைகளை மடியில் போட்டுக்கொண்டு அமர்ந்திருக்கும் பெண்களைக் காணலாம். வலையில் சிக்கிய நீலக்கால் நண்டுகளை, காலொடியாமல், ஒவ்வொன்றாகக் கழற்றுபவர்கள் அவர்கள். விரல்களெல்லாம் கீறல். காலொடிந்த நண்டுக்கு விலை குறையும். முழு நண்டுகள் எடைபோடப்பட்டுப் பனிக்கட்டியில் அடைக்கப்பட்டுத் தரகர் கைக்கும் ஆலைகளுக்கும் போகும். சதை பிரித்தெடுக்கப்பட்டு அமெரிக்கா வரை செல்லும். களப்புச் சேற்றில் வளரும் பெரிய நண்டு சிங்கப்பூரின் உணவகங்களில் 'இலங்கை நண்டு' என்ற பெயரோடு மேசைக்கு வருகின்றது. கழற்றும் பெண்ணின் வீட்டிலே அன்று என்ன கறி என்று நாம் ஒருமுறை கேட்டோம். "சூடைக் கருவாடு, சேர். நண்டு சாப்பிடுற சாமானோ, விக்கிற சாமானெல்லோ" என்று சிரித்தார். உணவகத்தில் ஒரு தட்டு நண்டுக்கறிக்கு வாங்கப்படும் பணம் அவருடைய ஒருநாட் கூலியை விஞ்சியது.

கடற்றொழிலாளரின் கை ஏன் இவ்வளவு தாழ்ந்து கிடக்கின்றது? மீன் இல்லாமையால் மட்டுமன்று. இழுவைப்படகுகள் கடலின் அடித்தளத்தையே வாரிச் செல்கின்றன. பாக்கு நீரிணையைக் கடந்து வரும் தமிழகத்துப் படகுகள் இரவோடிரவாக நம்மவர் வலைகளை அறுத்துப் போகின்றன. அப்படகுகளில் கூலிக்கு உழைப்பவரும் நம்மைப் போன்ற ஏழைத் தமிழர் என்பதை மறவாமலே இதைச் சொல்கின்றோம். இலங்கை 2017-ல் அடியிழுவை முறையைச் சட்டத்தால் தடைசெய்தது. கடலில் அந்தத் தடை எழுத்தளவிலேயே மிதக்கின்றது. 2022-ம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில், 87 ரூபாவுக்கு விற்ற ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஆகஸ்ட் மாதத்தில் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. மண்ணெண்ணெயில் ஓடும் சிறு படகுகளின் கதி என்னவாகும்? படகு கரையில் கிடந்தாலும் கடனுக்கு வட்டி கரையில் கிடப்பதில்லை. வலைக்குக் கடன், இயந்திரத்துக்குக் கடன், கடன் கொடுத்தவருக்கே மீனை விற்கவேண்டுமென்ற நிபந்தனை என்ற சங்கிலியிற் கட்டுண்டவர், தாம் பிடித்த மீனின் விலையைத் தாம் தீர்மானிப்பதில்லை.

இது நம் கரையின் கதை மட்டுமன்று என்பதைச் சென்ற ஆண்டு பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த ஒருவர் நமக்கு உணர்த்தினார். குருநகரில் பிறந்தவர். போர்க்காலத்தில் பாரிஸுக்குச் சென்று, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதியில் சில காலம் இருந்து, பின்னர் அந்நாட்டின் தென்கரையில் ஒரு கடற்கரை உணவகத்தில் வேலை பெற்றவர். அக்காவின் கடையில் நமக்கெதிரே அமர்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார். அந்த உணவகம் எப்படியிருக்கும் என்று ஆவலோடு கேட்டோம்.

"எனக்கென்ன தெரியும், மாஸ்ரர்? என்ரை இடம் குசினி. பிரெஞ்சிலையும் ஏறத்தாழ அதே சொல்லுத்தான். ஆக்கள் சாப்பிடுற மண்டபத்தைக் கதவிலை இருக்கிற வட்டக் கண்ணாடியாலை பாத்திருக்கிறன். கடல் தெரியுமெண்டு சொல்லுவினம். எனக்குத் தெரிஞ்சது சட்டி கழுவுற தொட்டிதான்."

அவர் கழுவிய சட்டிகளில் 'பூயாபெஸ்' என்ற மீன் சூப்பும் வேகுமாம். அதன் கதையை நாம் பின்னர் தேடிப் படித்தோம். மார்செய் துறைமுகத்து மீனவர், சந்தையில் விலைபோகாத முள் நிறைந்த பாறைமீன்களைக் கரையிலேயே ஒரு கலத்தில் இட்டுக் காய்ச்சிக் குடித்த ஏழைகளின் உணவு அது. நமது கூழின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். காலப்போக்கில் குங்குமப்பூவும் பெருமையும் சேர்ந்து அது செல்வந்தர் மேசைக்கு ஏறியது. 1980-ல் மார்செய் உணவக உரிமையாளர் சிலர் கூடி, எந்தெந்த மீன்கள் சேர்ந்தால் அது உண்மையான பூயாபெஸ் எனப்படும் என்று ஒரு சாசனமே எழுதிக்கொண்டனர். சட்டிக்குள் எந்த மீன் இருக்கவேண்டுமென்று சாசனம் சொல்லிற்று. அதைக் கண்டுபிடித்த மீனவரின் பேரப்பிள்ளைக்கு அதை உண்ண வசதி இருக்கவேண்டுமென்று எந்தச் சாசனமும் சொல்லவில்லை.

நமது கூழும் இன்று அந்தப் பாதையில்தான் நடக்கத் தொடங்கியிருக்கின்றது. 'யாழ்ப்பாணத்தின் பாரம்பரிய உணவு' என்று விளம்பரங்கள் அதைப் போற்றுகின்றன. போற்றட்டும். பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம், யாருடைய பாரம்பரியம் என்று கேட்கும் பழக்கத்தை மட்டும் நாம் கைவிடலாகாது. ஒடியல் இடித்தவருக்குச் சிரட்டையும் ஒதுக்கிடமும் கொடுத்ததும் இதே பாரம்பரியந்தான். சாதியின் பெயரால் ஒருகாலத்தில் வெளியே நிறுத்தப்பட்டவர் இன்று விலையின் பெயரால் வெளியே நிறுத்தப்படுவாராயின், சுவர் இடிந்துவிட்டதென்று மகிழ்வது எவ்வாறு? பழைய சுவரின் கற்களைக் கொண்டே புதிய சுவர் எழுகின்றது. ஏனெனில் அன்று நிலமும் கல்வியும் மறுக்கப்பட்டவரே இன்று பணமும் அற்றவர். பழைய சுவருந்தான் முற்றாக இடிந்ததா? கடையிலே மறைந்த வேற்றுமை, திருமணப் பேச்சிலும் சில கோவில் வீதிகளிலும் சில கிணற்றடிகளிலும் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதை அறியாதவர் நம்மில் யார்?

உணவகங்கள் வேண்டாம், விருந்தினர் வேண்டாம் என்று நாம் கூறவில்லை. அவற்றால் நம் இளைஞர் பலருக்கு வேலை கிடைக்கின்றது. கேள்வி, கரையின் செல்வம் கரையில் உழைப்பவருக்கு எவ்வளவு சேர்கின்றது என்பதே. வழியில்லாமலும் இல்லை. போருக்குப் பின் வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் முயற்சியால் தோன்றிய 'அம்மாச்சி' உணவகங்களை நாம் அறிவோம். பெண்கள் குழுவாகச் சேர்ந்து நம் ஊர்த் தானியங்களையும் கிழங்குகளையும் வாடிக்கையாளர் கண்முன்னே சமைத்து, சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் விற்கின்றார்கள். திருநெல்வேலியில் உள்ள அம்மாச்சியில் பேராசிரியரும் கூலித்தொழிலாளியும் ஒரே வரிசையில் நின்று தோசை வாங்குவதை எவரும் சென்று காணலாம். இதே முறையில் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் தத்தம் துறைகளிலே சாப்பாட்டுக் கடை நடத்தினால் என்ன? நண்டு கழற்றும் பெண்களே அக்கடையின் பங்காளிகளானால் என்ன? தரகர் கைக்குப் போகும் இலாபத்தில் ஒரு பகுதியேனும் பானைக்குத் திரும்பும். விருந்தினரும் உழைப்பவரின் கையால் உண்டு, அவர் அருகில் அமர்ந்து, அவர் பேச்சைக் கேட்டுச் செல்வர்.

ஆசிரியர்களாகிய நமக்கும் இதில் ஒரு கடமை உண்டு. சங்கானையில் ஒரு தேநீர்க் கடை வாங்கிலே மக்கள் அமர்ந்த வரலாறு நம் பாடநூல்களிலே இடம் பெறவில்லை. அதைச் சொல்லித்தரும் பொறுப்பு நம் வாயிலே இருக்கின்றது. வகுப்பறையில் இருக்கும் பிள்ளைகளில், அந்த வாங்கில் அமர்ந்தவரின் பேரனும் இருக்கலாம், அவரைத் தடுத்தவரின் பேத்தியும் இருக்கலாம். இருவருக்கும் அந்தக் கதை தேவை. மாணவ நண்பர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே: கடற்கரைக்குச் செல்லுங்கள், நண்டும் கூழும் வயிறார உண்ணுங்கள், உண்டபின், இந்தப் பானையை நிறைத்தவர் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் இங்கே அமர்ந்திருக்கின்றனர் என்று எண்ணிப் பாருங்கள். அந்த இரண்டு எண்களும் ஒன்றாகும் வரைக்கும், அறுபதுகளில் நம் மக்கள் தொடங்கிய வேலை முடிந்ததாகாது.